காகிதம் மலிவு என்பதற்காக வந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொலைபேசியின் ஆரம்ப காலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரகாம் பெல், ஸ்விட்ச்போர்டு, அதன் முன்னால் உட்கார்ந்த பெண் ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. கேபிளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. முதலில் கட்டாபெர்ச்சா பூசிய கம்பிகளைப் போட்டார்களாம், விலை கட்டுப்படியாகாததால் மலிவான காகிதத்துக்கு மாறினார்களாம். காகித கேபிளைப் பிரித்து ஜாயிண்ட் போட்டே சோறு தின்றவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

கட்டாபெர்ச்சா மலேயா பக்கத்துக் காடுகளில் கிடைத்த ஒரு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. தண்ணீருக்குள் கிடக்கும்வரை பல பத்தாண்டுகளுக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. வெயிலும் காற்றும் பட்டால்தான் வெடித்து உதிரும். ஈரம் மட்டுமே கவலையாக இருந்திருந்தால், தொலைபேசிக்காரர்கள் அதைவிட்டு வேறு எங்கும் போயிருக்க வேண்டியதில்லை.

சிக்கல் பேச்சில் இருந்தது. தந்தியில் மின்சாரம் விட்டுவிட்டு, நிதானமாகப் போகும். பேச்சில் நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கும் பொருள், போகிற மின்னூட்டத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டன்ஸ் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அது கூடக்கூட, குரலில் இருக்கும் உயர்ந்த அதிர்வுகள் வழியிலேயே அடிபட்டுப் போகும். மறுமுனையில் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. கட்டாபெர்ச்சாவும் ரப்பரும் இந்த விஷயத்தில் மோசம். எல்லாவற்றையும்விட நல்லது வெறும் காற்று.

கம்பங்களில் வெறுங்கம்பி இழுத்த காலத்தில் காற்று தானாகவே கிடைத்தது. ஆனால் ஊர் பெருத்தபோது அது தாங்கவில்லை. 1888 மார்ச் மாதப் பனிப்புயலில் நியூயார்க்கின் கம்பங்களும் கம்பிகளும் தெருவில் விழுந்து கிடந்த படங்களை இன்றும் பார்க்கலாம். மறு வருடமே மாநகர மேயர் ஆள் விட்டுக் கம்பங்களை வெட்டிச் சாய்த்தார். கம்பி மண்ணுக்குள் போயே தீரவேண்டும், அதே சமயம் அதைச் சுற்றிக் காற்றும் இருந்தாக வேண்டும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

புதைத்துப் பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1882இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து அட்டில்பரோவில், ரயில் பாதையை ஒட்டி ஐந்து மைல் நீளத்துக்குப் பள்ளம் பறித்தார்கள். மண்வெட்டி ஆட்களை வைத்தல்ல. ரயில் என்ஜினின் பின்னால் ஏரைக் கட்டி இழுத்தார்கள். ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து போயின. அந்தப் பள்ளத்தில் அன்றைக்குத் தெரிந்த எல்லா வகை உறை போட்ட கம்பிகளையும் புதைத்துப் பேசிப் பார்த்தார்கள். பேச முடிந்தது, ஏதோ சுமாராக.

பிலடெல்பியாவைச் சேர்ந்த டேவிட் புரூக்ஸ் என்பவர் இரும்புக் குழாய்க்குள் நூல் சுற்றிய கம்பிகளை விட்டு, மீதி இடத்தை எண்ணெயால் நிரப்பினார். எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு வேலையில்லை என்பது கணக்கு. எண்ணெய்க்கும் ஒழுகத் தெரியும் என்பதுதான் அதில் தொல்லை. அப்புறம் ஈயக் குழாய்க்குள் பஞ்சு நூல் சுற்றிய கம்பிகளை நுழைத்துப் பாரஃபின் மெழுகை உருக்கி ஊற்றினார்கள். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பேட்டர்சன் கேபிளில் அந்த மெழுகுக்குள்ளேயே கரியமில வாயுவைக் குமிழ் குமிழாகக் கலந்தார்கள். எதற்கு? மெழுகின் நடுவே கொஞ்சமாவது காற்று மாதிரி ஒன்று இருக்கட்டும் என்பதற்குத்தான். இந்த ஒரு சங்கதி போதும், அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று புரிந்துகொள்ள.

அந்த வழியிலேயே யோசித்து வந்தவர்களில் ஒருவர் ஜான் பாரெட். 1890ஐ ஒட்டி வந்த காகித கேபிளில் அவர் பங்கு பெரியது. மெழுகும் எண்ணெயும் இல்லாமல், உலர்ந்த காகித நாடாவைக் கம்பியின்மேல் தளர்வாகச் சுற்றி, இரண்டிரண்டாக முறுக்கி, கட்டாகக் கட்டி, மேலே ஈய உறையை அழுத்திப் போர்த்தும் முறை அது. காகிதத்தின் வேலை கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது மட்டும். மீதி இடமெல்லாம் காற்று. கெப்பாசிட்டன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு கம்பியின் மேலுறையும் மெலிந்ததால் அதே தடிமனுக்குள் கம்பிகள் பெருகின. 1930களின் இறுதியில் மணிக்கட்டு அளவே தடிமனான ஒரு கேபிளுக்குள் 2,000 இணைகளுக்கு மேல் ஓடின. காகிதம் மலிவு என்பதும் உண்மைதான், அது உபரி லாபம்.

ஆனால் கொடுத்த விலை என்ன? தண்ணீருக்கு அஞ்சாத பொருளை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும் பொருளை வைத்தார்கள். மழைக்காலத்தில் டப்பா மூடியைத் திறந்து வைத்த அப்பளத்தின் நிலைதான் கேபிள் காகிதத்துக்கும். முன்பு ஒவ்வொரு கம்பியும் தன்னைத் தானே காத்துக்கொண்டது. இப்போது நூற்றுக்கணக்கான கம்பிகளின் கதியும் வெளியே இருக்கும் ஒற்றை ஈய உறையிடம். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் ஒரு தெருவே ஊமையாகும்.

ஈயத்துக்கு எதிரிகள் குறைவில்லை. தெருவில் ஓடிய மின்சார டிராம்களிலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்சாரம் உறையை அரித்தது. சுத்த ஈயம் அதிர்விலும் வெயிலிலும் விரிசல் விடும் என்பதால் நூற்றுக்கு 3 பங்கு வெள்ளீயம் கலந்தார்கள். 1912 வாக்கில் அதற்குப் பதில் ஆன்டிமனி என்ற உலோகம் 1 பங்கு போதும் என்று கண்டு காசை மிச்சப்படுத்தினார்கள். கலிபோர்னியாவில் ஒரு வண்டு, மரத்தைத் துளைப்பதுபோல, கம்பத்தில் தொங்கிய கேபிளின் ஈயத்தையே துளைத்தது. கோடையில் துளை போடும், யாருக்கும் தெரியாது. முதல் மழை பெய்ததும் லைன்கள் செத்துப்போகும். அதற்கு அங்கே 'ஷார்ட் சர்க்யூட் வண்டு' என்றே பெயர். அமெரிக்க வேளாண் துறை 1922இல் அதைப் பற்றித் தனி வெளியீடே போட்டது.

இத்தனைக்கும் மேலே, கேபிளின் மிகப் பலவீனமான இடம் ஜாயிண்ட். அங்கேதான் உறையைத் திறந்தாக வேண்டும். உங்கள் வாசகர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழிக்குள் இறங்கி, மேலே கித்தான் கட்டி, கை வியர்வைகூடக் காகிதத்தில் படாமல் வேலை செய்ய வேண்டும். ஈயத்தை வெட்டியதும் உள்ளே இருக்கும் காகிதத்தின்மேல் காய்ச்சிய பாரஃபின் மெழுகை ஊற்றுவோம். மெழுகு அமைதியாக வழிந்தால் கேபிள் காய்ந்திருக்கிறது. சடசடவென்று நுரைத்தால் ஈரம் புகுந்துவிட்டது. நுரை நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்காவிட்டால் நல்ல இடம் வரும்வரை கேபிளை வெட்டி எறிய வேண்டும். மின்கசிவை அளந்து பார்க்கும் மெகர் கருவி பிறகுதான், முதல் தீர்ப்பு அந்த நுரையுடையது. கம்பிகளை முறுக்கி, காகிதக் குழல் மாட்டி, மறுபடி மெழுகு ஊற்றி, பெரிய ஈயக் குழலைப் போர்த்தி, இரண்டு முனையிலும் பற்றாசு (சால்டர்) உருக்கிக் கொழுப்புத் தடவிய துணியால் கையாலேயே தடவித் தடவி உருட்டி மூடுவோம். பற்றாசு தண்ணீராகவும் இல்லாமல் கல்லாகவும் இல்லாமல் களிப்பதத்தில் இருக்கும் சில நொடிகளுக்குள் கை வேலையை முடித்தாக வேண்டும். பாஸ்டனிலும் லண்டனிலும் நூறு வருடத்துக்கு முன் செய்த அதே வேலையைத்தான் நாங்களும் இங்கே செய்தோம்.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நீண்டதூர கேபிள்களுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்தார்கள். உறையில் ஓட்டை விழுந்தால் வாயு வெளியே தள்ளுமே தவிர, தண்ணீர் உள்ளே வராது. அழுத்தம் எங்கே குறைகிறது என்று அளந்து ஓட்டையையும் கண்டுபிடித்துவிடலாம். பின்னாளில் எக்ஸ்சேஞ்சிலேயே காற்றை உலர்த்திப் பம்ப் செய்தார்கள். நான் கண்டதில் ஈரத்துக்கு எதிரான மிகக் கெட்டிக்கார யோசனை இதுதான். இன்னொன்றும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி 48 வோல்ட் என்பது பலருக்குத் தெரியும். அதன் பாசிட்டிவ் முனையை ஏன் பூமியில் இணைத்தார்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தாலும் செம்புக் கம்பி கரைந்து போகக்கூடாது என்பதற்காக.

பாலிதீன் உறை, அதற்குப் பிறகு ஜெல்லி நிரப்பிய கேபிள் என்று வந்தபோதுதான் காகிதத்துக்கு ஓய்வு கிடைத்தது. நம் ஊரில் 1980களில் ஜெல்லி கேபிள் வந்து சேர்ந்தது. கை பிசுபிசுக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. ஆனாலும் ஐப்பசி மழைக்கு நாங்கள் பயந்தது குறைந்துபோனது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் கட்டாபெர்ச்சாவிலிருந்து காகிதத்துக்கு மாறிய காரணத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் ஜாயிண்டர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மெழுகுச் சட்டி, ஈயம் சீவும் கத்தி, தடவு துணி எல்லாம் என்னிடம் இன்னும் இருக்கின்றன. கட்டுரையாளர் படம் எடுக்க விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயிண்டர் ஒருவர்,
திருச்சி.