மூச்சு நிற்க முந்தி வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மரண உதவிச் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், சண்டையைப் பிறகு பிடிக்கிறேன்.

போன கார்த்திகையில் என் அம்மா செத்தபோது, விடிய 5 மணிக்கு என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளருக்குப் போன் எடுத்தார். 6 மணிக்கு முற்றத்தில் தறப்பாள் ஏறிவிட்டது. ஆறரைக்குக் கதிரைகள் வந்து இறங்கின. அம்மாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர முதலே வாசலில் வெள்ளை கட்டி, கிடாரத்தில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்தது. பெட்டி, வான், கிடங்கு வெட்டுகிற ஆட்கள், எல்லாம் சங்கமே பார்த்தது. மழைக்காலம், கடற்கரைக் கிராமம். வெட்ட வெட்டக் கிடங்குக்குள் தண்ணீர் ஊறியது. சங்கப் பொடியன்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வாளி வாளியாய் இறைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த என் மச்சாள் அதைக் கேட்டு வாயில் கை வைத்தா. "எங்கட மாடிவீட்டில மேல ஆள் செத்தது எங்களுக்கு மூண்டாம் நாள்தான் தெரியும்" என்றா.

அதே சங்கம் அதற்கு முந்திய 4 மாதத்தில் ஒரு தரமும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. மடல் அதைப் பற்றியது.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாய் எழுதிவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு மூலைக்கு ஒதுங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வயது போவதும், வருத்தம் வருவதும், சாவதும் மகளின் வீட்டில்தான். ஆனால் சந்தாப் புத்தகத்தில் இருப்பது மருமகனின் பெயர். கூட்டத்துக்குப் போகிறவரும் அவர்தான். இரவு 2 மணிக்குக் கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கிறவள், அங்கத்துவப் படிவத்தில் "மனைவி" என்ற கூட்டுக்குள் இருக்கிறாள்.

அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். ஆடியில் தெரிந்தது. வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி வெட்டுகிற கட்டம் இல்லை, நோவைத் தணிக்கலாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். அம்மாவிடம் நாங்கள் சொன்னது அல்சர் என்று. அப்படித்தானே எல்லா வீட்டிலும் சொல்கிறோம். ஊரே சேர்ந்து சொல்கிற பொய். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஓரஞ்சையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு, "முகம் இப்ப நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றுவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த வரத்தும் நின்றுவிட்டது.

அம்மா எங்களோடு மூன்று தரம் கதைக்கப் பார்த்தா. முதல் தரம் நான் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். "பெட்டிக்குள்ள அடியில அந்தப் பச்சைச் சாறி இரிக்கி புள்ள, அதை வேற ஆருக்கும் குடுத்திராத" என்றா. எதற்கு என்று எனக்கு விளங்கியது. "சும்மா இரிங்கம்மா, பேத்திட கலியாணத்துக்கு உடுக்கலாம்" என்று சீப்பை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். இரண்டாம் தரம் சுவிஸில் இருக்கும் தம்பி வீடியோவில் வந்தான். எப்ப மனே வருவாய் என்று கேட்டா. "தை பிறக்க வாறன் அம்மா" என்றான். அம்மா சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரைத் திரும்பிப் பார்த்தா. அது ஐப்பசியில் நின்றது. "தை" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தா. போனின் சின்னத் திரையில் அவனுக்கு அந்தச் சிரிப்புத் தெரிந்திராது.

மூன்றாம் தரம் நேராகவே சொன்னா. "என்னை எங்கயும் கொண்டு போகாதீங்க. இஞ்சயே கிடக்கிறன்." நான் ஓம் என்றேன்.

கார்த்திகை இரவொன்றில் சேடம் இழுக்கத் தொடங்கியது. கேட்டவர்களுக்குத் தெரியும், தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம். மூச்சு நிற்கும், நாங்கள் எண்ணுவோம், 20 எண்ணியபின் திரும்பவும் இழுக்கும். வெளியே மழை. நானும் வீட்டுக்காரரும் ஏ.எல். படிக்கிற மகளும் மட்டுந்தான். அம்மா மூச்சுத் திணறி வேதனைப்படுகிறா என்று நினைத்து, பயத்தில் நான்தான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்தது, தங்கமான பிள்ளைகள், பத்திரமாய் ஏற்றினார்கள். அம்மா வார்ட்டில் செத்தா. விடிய நாலே முக்காலுக்கு. நான் வெளியே வாங்கில் இருந்தேன். தாதி வந்து தோளைத் தொட்டபோதுதான் எழும்பினேன்.

ஆஸ்பத்திரியில் பிழை இல்லை. அது பிறகுதான் விளங்கியது. எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எட்டுச் செலவு முடிந்த பின் இருந்து விளங்கப்படுத்தினா. விழுங்கும் பலம் போனபின் தொண்டையில் தேங்கும் சளியால் வருகிற சத்தமாம். அந்த நேரம் பெரும்பாலும் ஆளுக்கு நினைவு இருக்காது, கேட்கிற எங்களுக்குத்தான் வேதனை. ஒரு பக்கமாய்ச் சரித்துப் படுக்க வைத்தால் கொஞ்சம் அடங்கும். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடலாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம். இவ்வளவுதான். இதைச் சொல்ல அந்த இரவில் ஒருவர் எங்கள் அறையில் இருந்திருந்தால், அம்மா தன் அறையிலேயே போயிருப்பா.

முந்தி அப்படியான ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். என் அம்மம்மா சாகக் கிடந்தபோது ஒரு பெரியம்மா வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. "குளிர் ஏறுது, விடியக் காணாது, பிள்ளையளக் கூப்பிடுங்க" என்றா. ஒருவர் திருவாசகம் படித்தார். பேரப்பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி பால் பருக்கினோம். எனக்கு அப்போது 7 வயது, பயமிருக்கவில்லை. பக்கத்து முஸ்லிம் ஊரில் இன்றைக்கும் சக்கராத்து நேரம், உயிர் பிரிகிற நேரம், சுற்றியிருந்து யாசீன் ஓதிக் கலிமா சொல்லிக்கொடுக்கிறார்கள். வேதக்காரர் சாமியாரை அழைத்து எண்ணெய் பூசுவிக்கிறார்கள். எங்களில் அந்தப் பெரியம்மாக்கள் போனபின் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. தாய் சாகும் நேரத்தில் என்ன செய்வதென்று 58 வயதான எனக்கே தெரியாதென்றால், மகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?

இப்படி ஆனதற்கு நான் வைத்திருக்கும் காரணம் ஒன்று உண்டு. சரியோ பிழையோ, நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சனம் உடல் கிடைக்காத சனம். 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோன 158 பேரும் திரும்பி வரவில்லை. 2004 மார்கழி 26 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலாய்ச் சாவைக் கண்டது அம்பாறை மாவட்டம். பெயர் தெரியாத உடல்களை ஒரே கிடங்கில் போட்டு மூடினார்கள். என் சித்தி அதிலும் இல்லை. கொரோனாவில் செத்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் நின்றபோது முஸ்லிம் சனங்கள் பட்ட பாட்டை மறக்க ஏலாது. 2021 மார்ச்சில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். அதுவும் நாடு முழுவதுக்கும் சேர்த்து எங்கள் ஓட்டமாவடியில் மட்டும், 3,600க்கு மேற்பட்ட உடல்கள். 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இப்படிப்பட்ட சனத்துக்கு, ஒரு பிரேதம் முழுதாய், முகம் தெரிய, வீட்டு மண்டபத்தில் கிடப்பதே பெரும்பேறு. அதனால்தான் எங்கள் செத்த வீடுகள் இவ்வளவு பெரிதாயின என்று நினைக்கிறேன். உங்கள் சங்கங்களின் யாப்பும் அப்படியான காலத்தில் எழுதினதுதான். காலையில் வயலுக்குப் போனவன் பின்னேரம் பிணமாய் வருவான், உடனே பெட்டி வேண்டும், காசு வேண்டும், ஆள் வேண்டும். அந்தச் சாவுக்கு உங்களைப் போல ஓடி வருகிறவர்களை எங்கும் காண ஏலாது.

இப்போது சாவு அப்படி வருவதில்லை. மெல்ல வருகிறது. புற்றுநோய், பாரிசவாதம், சிறுநீரகம், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்து போகிற வருத்தம். 2012 குடிசன மதிப்பிலேயே நாட்டில் 100க்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள்; பிள்ளைகளோ கட்டாரிலும் கனடாவிலும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து வருகிற சாவுக்கு உங்கள் யாப்பில் ஒரு வரியும் இல்லை.

இது வைத்தியர்களின் வேலை, சங்கத்தின் வேலையல்ல என்பீர்கள். வைத்தியர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். கிளினிக்கில் மோர்பீன் தந்தார்கள், நோவு அடங்கியது, ஒரு சதமும் கேட்கவில்லை. எனக்கு இல்லாமல் போனது 2 மணித்தியால நித்திரை. ஒருத்தி வந்து, "நீ போய்ப் படு புள்ள, நான் இருக்கிறன்" என்று சொல்லியிருந்தால் போதும். அதை எந்த வைத்தியர் எழுதித் தருவார்?

கேரளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் சின்ன அளவில் தொடங்கியது, பிறகு மலப்புறத்துக் கிராமங்களில் அக்கம்பக்கத்துச் சனமே கையில் எடுத்தது. சிறுதொகை சேர்க்கிறார்கள், படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு முறை வைத்துப் போகிறார்கள், பயிற்சி பெற்ற தாதி கூடப் போகிறார். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. உலகத்தில் இப்படி நோவைத் தணிக்கிற பராமரிப்புத் தேவையானவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தா, முறை, அக்கம்பக்கத்து ஆள்: மலப்புறத்தார் புதிதாய்க் கட்ட வேண்டியிருந்த மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

எங்கள் சங்கக் களஞ்சியத்தை ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 300 கதிரை, 6 கிடாரம், தறப்பாள், ஜெனரேற்றர், ஒலிபெருக்கி. தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் ஒன்று இல்லை. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை ஒன்று இல்லை, சில்லுக் கதிரையும் இல்லை. அம்மாவுக்கு அந்தக் கட்டிலைத் தேடி வீட்டுக்காரர் 9 நாள் அலைந்தார், கடைசியில் கல்முனையில் ஒருவர் பாவித்ததை வாங்கி வந்தார். அந்த 9 நாளில்தான் அம்மாவின் முதுகில் முதல் புண் வந்தது. அம்மா செத்த அன்று சந்தியில் 11 கண்ணீர் அஞ்சலிப் பனர் தொங்கின, அதில் ஒன்று சங்கத்துடையது. தம்பிக்காக நேரலைக்கு இரண்டு கமெரா. நேரலையை நான் குறை சொல்ல மாட்டேன், அவன் அங்கே பனிக்குள் இருந்து அழுதான், அவனுக்கு வேறு வழியில்லை. பனர்களைத்தான் சொல்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு மெத்தை வந்திருக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கும் சிரிப்பு வருகிறது. மரணச் சங்கத் தலைவர் படலையைத் திறந்தால் படுக்கையில் கிடக்கிற கிழவர் எழும்பி ஓடிவிடுவார். "ஆள் கிடக்கேக்கயே பெட்டிக்கு அளவெடுக்க வந்திட்டாங்கள்" என்று ஊர் கதைக்கும். அதனால் நீங்கள் வர வேண்டாம், உங்கள் மனைவிமாரை விடுங்கள். நிர்வாக சபையில் நான்கு பெண்களைப் போடுங்கள், பெயரையும் வேறாய் வையுங்கள். அந்த ஓய்வுபெற்ற தாதி ஒரு நாள் வந்து எல்லோருக்கும் சொல்லித்தர ஓம் என்றிருக்கிறா. புரட்டிப் படுக்க வைக்கிறது, வாய் துடைக்கிறது, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது. முடிந்தால் இன்னொன்றும். எங்கே சாக விருப்பம், எரிப்பதா தாழ்ப்பதா, எந்தச் சாறி என்று அந்தப் பெண்கள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் எங்களுக்குக் கேட்க வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வரும்.

நான் சுத்தமானவள் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருசத்துக்கு முந்தி இரண்டு ஒழுங்கை தள்ளி ஓர் அக்கா 8 மாதம் படுக்கையில் கிடந்தா. நான் போனது ஒரு தரம். செத்த அன்று முதல் ஆளாய் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தவளும் நான்தான். அவவின் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை என்று போன கார்த்திகையில்தான் விளங்கியது.

எங்கள் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் அடுத்த மாதம். இந்த முறை வீட்டுக்காரர் வரமாட்டார், நான் வருவேன். சந்தாப் புத்தகமும் என் கையில்தான் இருக்கும். அம்மாவின் கட்டில் எங்கள் விறாந்தையில் நெல் மூட்டைக்குக் கீழே சும்மா கிடக்கிறது. சங்கத்துக்கே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு லாண்ட்மாஸ்டரை அனுப்பினால் போதும். களஞ்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், மூன்றாம் குறுக்கில் பாரிசவாதத்தில் கிடக்கிற ஐயாவின் வீட்டுக்கு நேரே கொண்டுபோங்கள். பின்பக்கத்து ஒரு சில்லு இறுகிப் போயிருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும்.

இப்படிக்கு,
கல்லாற்றுப் பக்கத்து ஒரு மகள்