கலர் ஹெட்டில் பழுது எங்கே?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், வாழ்த்தைச் சொல்லிவிடு.

இனி உன் டர்ஸ்ட் எம் 605, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் படம் போடும் என்லார்ஜர். அதன் கலர் ஹெட்டில், அதாவது பல்பும் நிற ஃபில்டர்களும் இருக்கும் மேல்பகுதியில், வெளிச்சம் மங்கி மஞ்சளடிக்கிறது, ஃபில்டர் வெளுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். ஃபில்டரைச் சந்தேகப்படாதே. டைக்ரோயிக் ஃபில்டரில் வெளுப்பதற்குச் சாயமே கிடையாது. கண்ணாடிமேல் படிந்த மெல்லிய பூச்சு வேண்டாத நிறத்தைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். ஊதுபந்தால் தூசியைத் தட்டி, லென்ஸ் தாளில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு லேசாக ஒற்றி எடு. அழுத்தித் தேய்த்தால் பூச்சு கீறிவிடும்.

பழுது பெரும்பாலும் பல்பு சாக்கெட்டில்தான் இருக்கும். 12 வோல்ட், 100 வாட் என்றால் 8.3 ஆம்பியர் ஓடுகிறது. முனை கறுத்து 0.1 ஓம் தடை ஏறினாலே 0.8 வோல்ட் அங்கேயே தொலையும். பல்புக்குப் போவது 11.2 வோல்ட், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து நிறமும் மஞ்சளுக்குச் சாயும். தொலைந்த மின்சாரம் கிட்டத்தட்ட 7 வாட் சூடாகி முனையை இன்னும் கறுக்கவைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீண்வேலை, சூட்டில் ஸ்பிரிங் இறுக்கம் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜிஇஸட் 6.35 என்ற வகைப் பீங்கான் சாக்கெட் புதிதாகப் போடு. பல்பையும் கூடவே மாற்று. பழைய பல்பின் கறுத்த கால்கள் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். வயர் சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும், பிவிசி உருகும். இணைப்பை கிரிம்ப் செய் (உலோக முனையில் வயரை நசுக்கிப் பிடிக்கவை), ஈயம் வைக்காதே. சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

அடுத்து மிக்சிங் பாக்ஸ், ஃபில்டர் வழியாக வரும் ஒளியைச் சீராகக் கலக்கும் பெட்டி. உள்ளே இருக்கும் தெர்மோகோல் மஞ்சளாகியிருந்தாலோ உதிர்ந்தாலோ, அதே கனத்தில் வெள்ளைத் தெர்மோகோல் வெட்டி ஒட்டு. கரைப்பான் கலந்த பசை தெர்மோகோலையே தின்றுவிடும், வெள்ளை ஃபெவிகால் போதும். அடியிலுள்ள பால்நிற அக்ரிலிக் தகட்டை வெள்ளைத்தாள்மேல் வைத்துப் பார், பழுப்பு தெரிந்தால் அதையும் மாற்று. வெப்பத்தடுப்புக் கண்ணாடி விரிசல் விட்டுக் கழற்றியிருந்தால், அது இல்லாமல் ஒரு நிமிடம்கூட விளக்கைப் போடாதே. முதலில் நெகட்டிவ்தான் வளையும்.

ஃபில்டர்களை நகர்த்தும் டயல் இறுகியிருந்தால் பழைய கிரீஸைத் துடைத்து, லித்தியம் கிரீஸ் ஊசிமுனையளவு வை. ஸ்பிரே எண்ணெய் சூட்டில் ஆவியாகி ஃபில்டர்மேல் படியும். மூன்று டயலும் பூஜ்யத்தில் நிற்கும்போது ஒரு ஃபில்டரின் ஓரம்கூட ஒளிப்பாதையில் தலைநீட்டக் கூடாது. கண்ணால் பார்த்து உறுதிசெய்.

பல்புக்குப் பதில் எல்இடி மாட்டலாமா என்றாய். ஒளியின் நிறத்தை வைத்தே கான்ட்ராஸ்ட்டை (கிரேடை) கூட்டிக் குறைக்கும் கருப்பு வெள்ளை மல்டிகிரேடு தாளுக்கு நீலமும் பச்சையும் போதும், மாட்டலாம். கிரேடு அளவுகளை மட்டும் புதிதாகச் சோதித்துக்கொள். கலருக்கு வேண்டாம். கலர் பிரிண்ட் போடும் ஆர்ஏ-4 தாளின் சிவப்பு அடுக்கு 700 நானோமீட்டர் பக்கத்தில்தான் நன்றாக உணரும், வெள்ளை எல்இடியில் அங்கே வெளிச்சம் சொற்பம். இப்போதுள்ள ஹாலஜன் பல்பே இருக்கட்டும்.

சாக்கெட்டைக் கழற்றியதும் முனைகளைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராகவன்