பொற்காலத்தை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டையின் காலகட்டங்களை ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட்டு வரும் தொடரின் முதற்பகுதி, 1970களின் ஹெவிவெயிட் (மிக உயர்ந்த எடைப்பிரிவு) காலத்துக்கு முதலிடமும், ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சி கோலோச்சிய 1920களுக்கு இரண்டாமிடமும் கொடுத்திருந்தது. முகமது அலி, ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மேன், கென் நார்ட்டன் ஆகியோர் ஒரே பத்தாண்டில் ஆடினார்கள் என்பதால் முதல் முடிவில் வியப்பில்லை. எனக்கு உடன்பாடில்லாதது, கட்டுரையாளர் கையாண்ட அளவுகோலில்தான். வெற்றிகளின் எண்ணிக்கை, நாக் அவுட் விகிதம், பட்டம் கையில் இருந்த ஆண்டுகள், டிக்கெட் வசூல் என்று கூட்டிப் பார்த்திருக்கிறாரே தவிர, அந்தச் சாம்பியன்கள் யாரோடு மோதினார்கள், யாரோடு மோதாமலே காலம் தள்ளினார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

எண்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சுகர் ரே ராபின்சனே சான்று. 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் ஜேக் லமோட்டாவிடம் அவர் தோற்றார்; தொழில்முறையில் அதுதான் அவருடைய முதல் தோல்வி. மூன்றே வாரத்தில் அதே ஊரில் அதே லமோட்டாவை மீண்டும் சந்தித்து வென்றார். மொத்தம் ஆறு முறை மோதிய அவ்விருவரில் ஐந்து முறை வெற்றி ராபின்சனுக்கே. ஃபிளாய்ட் மேவெதர் ஐம்பது ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றது பெரிய சாதனைதான். ஆனால் அவரும் மேனி பாக்கியாவும் மோத வேண்டும் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும், அந்த ஆட்டம் நடந்தது 2015 மே மாதத்தில், ஒருவருக்கு 38 வயதும் மற்றவருக்கு 36 வயதும் ஆன பிறகு. இந்த இரண்டு பதிவுகளையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

ஒரு காலத்தின் தலைசிறந்த வீரர்கள், தம் உச்சத்தில் இருக்கும்போதே, தோற்கக்கூடும் என்று தெரிந்தே ஒருவரோடு ஒருவர் மோதினார்களா என்பதே என் அளவுகோல். அப்படிப் பார்த்தால் 1980 முதல் 1989 வரை சுகர் ரே லெனர்ட், ரொபெர்ட்டோ டுரான், தாமஸ் ஹெர்ன்ஸ், மார்வின் ஹேக்லர் ஆகிய நால்வரும் தமக்குள் ஆடிய ஒன்பது ஆட்டங்களுக்கு ஈடு சொல்ல வேறு காலம் இல்லை என்றே கருதுகிறேன். நால்வரில் ஒவ்வொருவரும் மற்ற மூவரில் ஒருவரிடமாவது தோற்றிருக்கிறார்கள். கட்டுரையின் கணக்கில் இது குறை, என் கணக்கில் இதுதான் தகுதி. 1985 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்லர்–ஹெர்ன்ஸ் ஆட்டம் மூன்று சுற்றுகளைக்கூட முழுதாகத் தாண்டவில்லை. முதல் சுற்றிலேயே ஹெர்ன்ஸின் வலக்கை எலும்பு முறிந்தது, ஹேக்லரின் நெற்றி கிழிந்தது. மூன்றாம் சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டினார். மருத்துவர் தொடரலாம் என்றதும் திரும்பி வந்த ஹேக்லர், அந்தச் சுற்றிலேயே ஹெர்ன்ஸைச் சாய்த்துவிட்டார்.

இக்காலத்துக்கும் கறை உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1987இல் ஹேக்லரோடு மோத முன்வந்த லெனர்ட், பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாக்கவும் ரிங்கைப் பெரிதாக்கவும் பேரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்த பிறகே களமிறங்கினார். சுற்று எண்ணிக்கை சிறிய விஷயம் அல்ல. 1981 செப்டம்பரில் லெனர்டும் ஹெர்ன்ஸும் மோதியபோது, பதின்மூன்று சுற்றுகள் முடிந்த நிலையிலும் மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலையில் இருந்தார். பதினான்காம் சுற்றில் லெனர்ட் ஆட்டத்தை முடித்தார். பன்னிரண்டு சுற்றுகளோடு முடியும் இன்றைய விதி அன்று இருந்திருந்தால் வரலாறு ஹெர்ன்ஸை வெற்றியாளர் என்று எழுதியிருக்கும். விதி மாறியதற்கும் காரணம் இருந்தது: 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் டக் கூ கிம் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் இறந்துபோனார்.

கட்டுரை போற்றும் 1970களும் இந்த அளவுகோலில் பெரும்பாலும் தேறிவிடும். 1971 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தோல்வியே காணாத இருவர் மோதி, பதினைந்தாம் சுற்றில் ஃபிரேசியரின் இடது ஹூக் (வளைத்து விடும் குத்து) அலியை மல்லாத்தியதும், 1975இல் மணிலாவில் பதினான்கு சுற்றுகளுக்குப் பிறகு ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபச் எழவிடாமல் தடுத்ததும் யாருக்குத்தான் மறக்கும்? ஆயினும் 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் தோற்ற ஃபோர்மேனுக்கு மறு ஆட்டம் கிடைக்கவே இல்லை. அலியோ 1976இல் கூப்மேன், டன் போன்றவர்களோடும் பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1990களின் ஹெவிவெயிட்டில் ஹோலிஃபீல்ட், லூயிஸ், டைசன், போ என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1992 டிசம்பரில் ரிடிக் போ, லெனாக்ஸ் லூயிஸோடு மோதுவதற்குப் பதிலாகத் தம் டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பட்டத்துக்கான பெல்ட்டைச் செய்தியாளர்கள் முன்னிலையில் குப்பைத் தொட்டியில் போட்டார்; 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே லூயிஸிடம் தோற்றவர் அவர் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

டெம்ப்சி காலத்துக்கு இரண்டாமிடம் என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1921இல் அவர் கார்பெந்தியரோடு ஆடிய ஆட்டம் முதன்முறையாகப் பத்து லட்சம் டாலர் வசூலைத் தாண்டியது உண்மை. அந்தப் பணத்துக்குப் பின்னால் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் பட்ட ஆட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாந்ததும் உண்மை. 1915இல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் அதை வெல்லும் வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு தரப்படவில்லை. தகுதியானவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அடைந்த புகழைப் பொற்காலம் என்று சொல்லலாமா?

இதே கேள்வி என் அளவுகோலையும் சங்கடப்படுத்துகிறது. 1940களின் மிடில்வெயிட் பிரிவில் திறமைக்குக் குறைவே இல்லை. பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஆர்ச்சி மூரை 1944இல் ஒரே ஆட்டத்தில் பலமுறை தரையில் வீழ்த்தித் தோற்கடித்த சார்லி பர்லிக்கு, கடைசிவரை ஒரு பட்ட ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ராபின்சனும் அவரோடு மோதவில்லை. அந்தக் காலத்தை நான் 1980களுக்குக் கீழே வைக்கிறேன் என்றால், குற்றம் பர்லியினுடையது அல்ல, வாய்ப்பை மறுத்தவர்களுடையது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

தொடரின் அடுத்த பகுதி குறைந்த எடைப்பிரிவுகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் இடம்பெறுவார் என்று நம்புகிறேன். 1938இல் அவர் மூன்று எடைப்பிரிவுகளின் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தபோது இருந்தவை எட்டுப் பிரிவுகள் மட்டுமே. இன்று பதினேழுக்குக் குறையாத பிரிவுகளும், பெரும்பாலானவற்றில் நான்கு அமைப்புகளின் பெல்ட்டுகளும் இருக்கின்றன. பட்டங்களை எண்ணும் பட்டியல் ஏதும் வெளியிடுவதாக இருந்தால், இந்த வேறுபாட்டை அதன் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்