சாட்டைப்புழுவுக்கு ஒரு மாத்திரை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

குடற்புழு நீக்கம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு அல்பென்டசோல் மாத்திரையோடு வயிற்றுப் பூச்சித் தொல்லை தீர்ந்துவிடும் என்று அதில் இருந்தது. பணிக்காலம் முழுக்க மலப் பரிசோதனை செய்த லேப் டெக்னீஷியன் என்ற முறையில், அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

உருளைப்புழுவைப் பொறுத்தவரை கட்டுரை சொல்வது சரி. 400 மி.கி. ஒரு வேளை கொடுத்தால் நூற்றுக்குச் சுமார் 95 பேர் குணமாகிறார்கள். கொக்கிப்புழு என்றால் 80 பேர் வரை. சாட்டைப்புழுவுக்கோ இது 30 பேர் அளவில் நின்றுவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு இது. நானும் ஸ்லைடில் பார்த்ததுதான்: இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய் போன்ற அந்த முட்டைகள், மாத்திரை போட்ட பிள்ளைகளின் மலத்திலும் இருக்கும். "மருந்து கொடுத்தாச்சே, இன்னுமா இருக்கு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். மருந்தின் எல்லையை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. மலத்தை ஸ்லைடில் பரப்பிப் புழு முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறைதான் உலகெங்கும் புழு ஆய்வுகளில் பயன்படுகிறது. அதில் ஸ்லைடைத் தெளிவாக்கக் கிளிசரின் சேர்க்கிறோம். அந்தக் கிளிசரினே கொக்கிப்புழுவின் மெல்லிய முட்டைகளை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். வேலை நெருக்கடியில் ஸ்லைடு காத்திருந்தால் "புழு இல்லை" என்று முடிவு போய்விடும். கொக்கிப்புழுவோ குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. ரத்தசோகையோடு வரும் ஒரு கர்ப்பிணிக்கு இந்தத் தவறான முடிவு எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள். புழுவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை இதைவிட நுட்பமானது, ஆனால் செலவு அதிகம். மலிவான, நம்பகமான சோதனையைக் கண்டுபிடிப்பதும் மருந்து ஆராய்ச்சி அளவுக்கே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மருந்து ஆராய்ச்சியில் நம்பிக்கை தரும் செய்தி இருக்கிறது. விஞ்ஞானிகள் ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை அல்பென்டசோலுடன் ஒரே மாத்திரையாகச் சேர்த்து எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் சிறுவர்களிடம் சோதித்தார்கள். சாட்டைப்புழுவில், அல்பென்டசோலைத் தனியாகக் கொடுத்ததைவிட மிக நல்ல பலன் கிடைத்தது. இந்த வேலை நின்றுவிடக் கூடாது. ஆடுகளின் குடற்புழுக்கள் அல்பென்டசோல் குடும்ப மருந்துகளுக்குச் சாகாத அளவுக்கு எப்போதோ பழகிவிட்டன. மனிதரிடமும் அதே சில மருந்துகளைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எந்தப் புழுவுக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கும் என்பதையும் வெளியிடுங்கள். மாத்திரைக்குப் பிறகும் வயிற்றுவலி, சோர்வு, ரத்தசோகை தொடர்ந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாதிரியைக் கொடுக்கும்போது, முன்பு எந்த மாத்திரை போட்டோம் என்பதையும் லேபில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்