குற்றப் பதிவேடுகளைப் படிக்க மாணவர்கள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளகப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுவிட்ட பிறகு, கோடை விடுமுறை வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி மாணவர்கள் துறைத்தலைவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஓர் அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சி முடித்துத் திரும்பிய புள்ளியியல் மாணவி ஒருவரிடம் என்ன கற்றாய் என்று கேட்டேன். "கோப்புக்கு நூல் கோக்கக் கற்றுக்கொண்டேன், சார்" என்றார். அதே மாணவியை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் உட்கார வைத்திருந்தால் அவருக்கும் காவல்துறைக்கும் பயன் கிடைத்திருக்கும் என்பதே இக்கடிதத்தை எழுதக் காரணம்.

காவல் நிலையங்களைக் கணினியால் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு மத்திய அரசு 2009இல் ஒப்புதல் அளித்தது. இன்று முதல் தகவல் அறிக்கைகள் கணினியில் ஏறுகின்றன. ஆனால் பந்தோபஸ்து, நீதிமன்றம், மனு விசாரணை என்று ஓடும் நிலையத்தில், ஏறியவற்றை ஒன்றாக வைத்துப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்காக வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு சேலம் சென்றோம். ஞாயிறு காலை 6 மணிக்குத் திரும்பியபோது தாழ்ப்பாள் நெம்பப்பட்டு, பீரோ திறந்து கிடந்தது. திருட்டு எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? புகாரில் அந்த இரண்டு நேரங்களையும் எழுதிக் கொடுத்தேன். இடைப்பட்ட 36 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் முப்பத்தாறில் ஒரு பங்கு என்று பிரித்து, இப்படியே நூறு வழக்குகளின் பங்குகளையும் மணிவாரியாகக் கூட்டினால், எந்த நேரத்தில் ரோந்து தேவை என்பது ஓரளவு புலப்படும். குற்றப் பகுப்பாய்வாளர்கள் பல நாடுகளில் கையாளும் முறை இது. இரண்டாமாண்டு மாணவரால் இதைச் செய்ய முடியும். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்பதும் இவ்வாறு கணக்குப் பார்த்தே அறியப்பட்டது.

உள்ளூர்ப் பிள்ளைகளே இதற்கு வேண்டும் என்று நான் சொல்வது சொந்த மாவட்டப் பாசத்தால் மட்டுமல்ல. வயல்வெளிக் குடியிருப்புகளுக்கு யாராவது ஒரு முன்னோரின் பெயரைச் சேர்த்துக் 'கொட்டாய்' என்று அழைப்பது நம் பக்கத்து வழக்கம். அதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் கோட்டையா, கொட்டாயா என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. ஒரே கொட்டாய் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஊராகிவிடும். போதாக்குறைக்கு, எந்த வட்டத்தில் தேடினாலும் ஒரு புதூர் இருக்கும். எந்த மென்பொருளாலும் சரியாக வரைபடத்தில் வைக்க முடியாத இந்த இடங்களை, அந்த வழியே பேருந்தில் கல்லூரிக்கு வரும் பாலக்கோட்டு மாணவர் அரை நிமிடத்தில் காட்டிவிடுவார். பகுப்பாய்வில் பெரும்பகுதி இத்தகைய திருத்த வேலைதான்.

சட்ட மாணவரும் உடன் இருப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக் குற்றத்துக்கு 304 என்ற தனிப்பிரிவு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அப்படி இல்லாததால் சங்கிலிப் பறிப்புகள் 379, 392 போன்ற பிரிவுகளில் சிதறிக் கிடக்கும். இது தெரியாமல் பிரிவு எண்ணை மட்டும் வைத்துக் கணக்கெடுப்பவர், பறிப்பு திடீரெனப் பெருகிவிட்டதாக அறிக்கை எழுதிவிடுவார்.

பயிற்சிக்கு வரம்பும் வேண்டும். பெயர், கைப்பேசி எண், கதவு எண் நீக்கப்பட்ட பதிவுகளையே மாணவர் பார்க்க வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 72ஆம் பிரிவும் தடுக்கின்றன என்பதால் அவ்வழக்குகள் இப்பயிற்சிக்குள் வரவே கூடாது. அதைவிட எனக்குக் கவலை தருவது வரைபடம்தான். 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்ட பின்னும், அதன் முத்திரை விழுந்த சமூகங்களை விட்டுச் சந்தேகம் எளிதில் விலகவில்லை; ஒரு கொட்டாயின் மீது சிவப்புப் புள்ளி வைத்து வெளியே விட்டால் அதே வேலையைக் கணினி செய்யும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் புள்ளிகள் குறைவாகத் தெரிந்தால், அங்கே குற்றம் குறைவு என்றும் பொருள் கொள்ளலாம், இறங்கி வந்து புகார் கொடுப்பவர் குறைவு என்றும் பொருள் கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பேராசிரியர் உடனிருந்தாக வேண்டும்.

தருமபுரி அரசு சட்டக் கல்லூரி, பைசுஹள்ளியிலுள்ள பெரியார் பல்கலைக்கழக மையம், பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றிலிருந்து இருவர் வீதம் ஆறு பேர் போதும். பூட்டிய வீட்டுத் திருட்டு என்ற ஒரே குற்றத்தை மட்டும் அரூர், ஊத்தங்கரை உட்கோட்டங்களில் எடுத்துக்கொண்டு, வரும் கோடை விடுமுறையில் தொடங்கிப் பார்க்குமாறு இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
கிருஷ்ணகிரி.