ஹெம்ப்கிரீட் வீட்டிடம் எதைக் கேட்க வேண்டும்? கட்டட அனுமதி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மரமோ மறைப்போ இல்லாத ஒரு மேட்டு நிலத்தில் ஹெம்ப்கிரீட் சுவர்களைக் கொண்டு வீடு கட்ட விண்ணப்பித்திருக்கிறேன். எங்கள் வரைபடம் இரண்டு குறிப்புகளுடன் திரும்பி வந்தது. சுவருக்கு அமுக்க வலிமைச் சான்று (எவ்வளவு அழுத்தினால் நசுங்கும் என்பதற்கான சான்று) தேவை என்பது ஒன்று; மழை அடிக்கும் பக்கங்களுக்குச் சிமென்ட் பூச்சு தேவை என்பது மற்றொன்று. இரண்டும் அக்கறையோடு எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதலாவது பொருந்தாத கேள்வி. இரண்டாவதை அப்படியே நிறைவேற்றினால் வீடு கெட்டுவிடும்.

ஹெம்ப் செடியின் நாரை உரித்தெடுத்த பின் எஞ்சும் தண்டின் உள்தக்கையைச் சில்லுகளாக்கி, சுண்ணாம்பும் நீரும் சேர்த்துக் கலந்து, மரச்சட்டகத்தைச் சுற்றிப் பலகை அடைத்து, அடுக்கடுக்காக இட்டு மெல்லத் தட்டி இறுக்குவதுதான் ஹெம்ப்கிரீட். (செடி கஞ்சா இனத்தைச் சேர்ந்தது என்றதும் சில முகங்கள் மாறுகின்றன, சுவருக்குள் போவது போதை தராத வெறும் தக்கை.) பிரான்சின் நோஜான்-சூர்-சேன் நகரில் 1986-ஆம் ஆண்டில் ஒரு பழைய மரச்சட்டக வீட்டைப் புதுப்பித்தபோது இம்முறை கையாளப்பட்டது. கான்கிரீட்டின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அதன் வேலை இதற்கு இல்லை. கூரையைச் சுமப்பது மரச்சட்டகம். சுவர் அதைப் போர்த்தி நிற்கும் கம்பளி. ஆகவேதான் அமெரிக்காவில் வழங்கும் பன்னாட்டு வீட்டுக் கட்டட விதித்தொகுப்பின் (IRC) 2024-ஆம் ஆண்டுப் பதிப்பும் தன் பிற்சேர்க்கையில் இதைச் சுமை தாங்காத நிரப்புச் சுவராகவே வகைப்படுத்துகிறது. கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்த்து இதன் தகுதியை எடைபோட இயலாது.

அதற்குப் பதிலாக எங்களிடம் நீங்கள் கடுமையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செங்கல் சுவர் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கையில், இந்தச் சுவர் 300 முதல் 400 கிலோ மட்டுமே இருக்கும். காற்று கூரையைத் தூக்க முனையும்போது, தன் எடையாலேயே அதை அழுத்திப் பிடிக்கும் சுவர் எங்களுக்கு இல்லை. கூரையிலிருந்து அடித்தளம் வரை சட்டகம் எப்படிக் கட்டி இறுக்கப்பட்டிருக்கிறது, குறுக்குத் தாங்கிகள் எங்கே இருக்கின்றன என்ற கணக்கைக் கேளுங்கள். திறந்த மேட்டில் வீட்டைக் காப்பது அதுதான்.

இனி பூச்சு. மேட்டு நிலத்தில் மழை நேராக விழுவதில்லை. சாரலாகச் சுவரில் அறைகிறது. சிமென்ட் பூச்சு அதைத் தடுத்துவிடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அது மெல்லிய வெடிப்புகளின் வழியே நீரை உள்ளே விட்டு, வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளே தக்கையும் அதில் புதைந்த மரமும் ஓசையின்றி உளுத்துப்போகும். ஈரத்தை ஏற்றுப் பின் விடுவதே இச்சுவரின் இயல்பு என்பதால், மேலே பூசுவதும் ஆவியைக் கடத்தும் சுண்ணாம்புச் சாந்தாக இருக்க வேண்டும். சாரல் மிகுந்த பக்கத்தில் அதுவும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே காற்றோட்ட இடைவெளி விட்டு மரப்பலகை உறை அமைக்கவும், இறவாரத்தை அகலமாக நீட்டவும், தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் எட்டாதபடி சுவரை உயரமான கல் பீடத்தில் தொடங்கவும் திட்டமிட்டிருக்கிறோம். சன்னல் விளிம்பிலும், சட்டகம் சுவரைச் சந்திக்கும் கோடுகளிலும் காற்று ஊடுருவாமல் எப்படி அடைக்கிறோம் என்பதையும் நீங்கள் பார்வையிட வேண்டும். 350 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவர் தரும் வெப்பக்காப்பை ஒரு விரற்கடை இடுக்கு வீணாக்கிவிடும்.

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். புதிதாக இட்ட சுவர் நிறைய நீரை விழுங்கியிருக்கும். அது உலரப் பல வாரங்கள், ஈரமான பருவமானால் மாதங்கள்கூட ஆகும். மேட்டுக் காற்று உலர்த்தத் துணை செய்யும் என்றாலும், வேகமாக வீசினால் சுண்ணாம்பு இறுகும் முன்பே மேற்பரப்பு வறண்டு பொடியாகிவிடும் என்பதால், மழைக்கும் காற்றுக்கும் சேர்த்தே தற்காலிகத் திரை கட்ட வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டுப் பூச்சை முடித்த வீடுகளில்தான் பூஞ்சை வருகிறது. எனவே, பூச்சுக்கான ஆய்வை நாள்கணக்கில் குறிக்காமல், புதைந்த மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதை அளவியில் பார்த்த பின் நடத்தும்படி நிபந்தனையாகவே எழுதுங்கள்.

இது சூழலுக்கு ஒரு கேடும் செய்யாத வீடு என்று நான் வாதிடவில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அப்போது வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு இறுகும்போது திரும்ப உறிஞ்சுகிறது, செடி வளரும்போது ஈர்த்தது தக்கையில் தங்குகிறது. சுவர் நீண்ட காலம் நின்றால்தான் இந்தக் கணக்கு பொருள்படும். பத்தாண்டில் உளுத்து இடிந்தால் செங்கல்லே மேல்.

ஆகவே, அமுக்க வலிமைச் சான்றுக்கு ஈடாகச் சட்டகத்தின் காற்றுச்சுமைக் கணக்கையும், சிமென்ட் பூச்சுக்கு ஈடாகச் சாரல் காப்பு வரைபடத்தையும் ஏற்று, கோப்பை மீண்டும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் இம்மடலோடு இணைத்திருக்கிறேன். நிலத்தில் ஒரு மீட்டர் அகல மாதிரிச் சுவர் ஒன்றும் எழுப்பியிருக்கிறோம். மழை நாளில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்