‘குப்பை போடாதீர்’ தவிர வேறு ஏதாவது தமிழில் எழுதுங்கள்: தேசியப் பூங்கா அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. கேரளத்தில் எங்கள் இடுக்கி மலையில் தேசியப் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை; ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என்று 2003இல் மட்டும் மூன்றை அறிவித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பார்வையாளர் மையத்தில் ஒரு வயதான அம்மாள் பலகை ஒன்றைச் சத்தமாகப் படித்ததும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். வந்திருந்தால் எந்தப் பூங்கா என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மாள் என் அம்மா.

விஷயமும் உங்களுக்குப் புதிதல்ல. மையத்தில் தமிழிலும் எழுதி வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறோம். இது மூன்றாவது. முதல் இரண்டையும் கவரில் போட்டுக் கொடுத்தோம், இதை எல்லோரும் பார்க்கட்டும் என்று திறந்தே அனுப்புகிறேன்.

நான் கோவிலூர்க்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும் வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றுகிற சின்ன வியாபாரி. அம்மாவுக்கு 73 வயது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். மலையாளம் பேசினால் நன்றாகப் புரியும், அவரும் பேசுவார்; எழுத்து மட்டும் தெரியாது. இந்த மலையில் அவர் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். மூட்டு வலியால் வருஷக்கணக்காக எங்கும் போகாதவர், பேத்தி கூப்பிட்டாள் என்று ஜீப் ஏறி வந்தார். டிக்கெட் வாங்கினோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி உள்ளே வந்தார். செருப்போடே வரலாம் என்று காவலாளி சொல்லியும் கேட்கவில்லை.

முதல் பலகையில் வரையாடு. படம் அருமை, குறை சொல்ல முடியாது. கீழே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பத்துப் பதினைந்து வரி. அம்மா ஒரு வரியைக் கூட விடாமல் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனார், எங்காவது தனக்குத் தெரிந்த எழுத்து வருமா என்று. பக்கத்தில் உங்கள் வழிகாட்டிப் பையன் வெளிநாட்டுக்காரர் இருவருக்கு அதன் ஆங்கிலப் பெயரில் ‘நீலகிரி தார், நீலகிரி தார்’ என்று விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா என்னிடம், “தாரா? ரோட்டுக்குப் போடுறதா?” என்றார். வரை என்றால் மலை. மலையில் நிற்கிற ஆடு வரையாடு. இந்தப் பெயரை அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் பாறை விளிம்பில் கூட்டம் கூட்டமாகப் பார்த்ததாகச் சொல்வார். பக்கத்திலிருக்கும் தமிழ்நாட்டுக்கு அதுதான் மாநில விலங்கு. 2025 ஏப்ரலில் இரண்டு மாநிலமும் சேர்ந்து, ஒரே நாட்களில், இந்த ஆட்டைக் கணக்கெடுத்தன. ஆட்டை எண்ணுவதற்கு எல்லை தாண்ட முடிகிறது, ஆட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்குத்தான் முடியவில்லை போலிருக்கிறது.

அடுத்தது குறிஞ்சிப் பலகை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ; பூத்த வருஷங்களை எண்ணில் போட்டிருந்ததால் அம்மா அதை மட்டும் படித்துவிட்டார். 1970இல் பூத்தபோதுதான் அவருக்குக் கல்யாணம். 1982இல் நான் கைக்குழந்தை. 1994, 2006, 2018 என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது. யார் செத்தார்கள், எந்த வீட்டுக் கூரை பறந்தது, எந்த வருஷம் பூண்டு விலை போகவில்லை என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டே நின்றார். இரண்டு பேர் வழிகாட்டியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்டார்கள். உங்கள் பலகையில் இருந்ததைவிட அதில் சரக்கு அதிகம், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம்தான் அந்த மூலை. ‘உள்ளூர் மக்கள்’ பகுதி. ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்து பூண்டைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிற பெரிய படம். எங்கள் பக்கத்து வீடு மாதிரிதான் இருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “நம்மளப் பத்தி என்னடா எழுதியிருக்காங்க?” என்று கேட்டார். நான் மலையாளத்தைப் படித்து வாய்மொழியாகச் சொன்னேன். பாதியில் எனக்கே கூச்சமாகிவிட்டது. எங்களைப் பற்றி எழுதி, எங்கள் மலையில் மாட்டி, எங்களிடமே டிக்கெட்டும் வாங்கிவிட்டு, அதை எங்களுக்குப் படித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றால் என்ன கணக்கு ஐயா இது?

வெளியே வருகிற வழியில், கதவுக்குப் பக்கத்தில், தமிழ் கிடைத்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்: “குப்பை பேடாதீர். மீறினால் அபராதம்.” ‘போ’வில் கால் விழுந்துபோயிருந்தது. சிரிப்பு எழுந்தது அதனால்தான். அம்மா சிரிக்கவில்லை. “இது ஒண்ணுதான் நமக்கு எழுதியிருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு, தரையில் யாரோ போட்டிருந்த மிட்டாய்த் தாளை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை பேசவில்லை.

வழிகாட்டிப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். “அம்மச்சி, பார்த்து இறங்குங்க” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டான், சிரித்தவர்களை முறைத்தான். பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிற இடம் வேறு என்பது எங்களுக்கும் தெரியும்.

முதல் மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, மலையாளத்தில். ‘தமிழில் எழுதப்பட்ட தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊர் இருக்கிற தேவிகுளம் தாலுகா அப்படிப்பட்ட பகுதிதான். சட்டத்தைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகு இரண்டாவது மனுவில் அதையும் குறிப்பிட்டோம். அதற்குப் பதிலே வரவில்லை. ஒருவேளை மொழிபெயர்க்க ஆள் தேடுகிறீர்களோ என்னவோ.

இப்படித்தான் எல்லாமே. ஆஸ்பத்திரிச் சீட்டு புரியாது, ரேஷன் அறிவிப்பு புரியாது, தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியார் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். காட்டுவழி ராத்திரி அடைத்திருக்கும்போது பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். எங்கள் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூண்டுக்குக் கிடைத்த அடையாளத்தில் கொஞ்சத்தை அதை விளைவிக்கிறவனுக்கும் தரலாம். சரி, வயிற்றெரிச்சலில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலப் பிரச்சினையைத் தொடவே இல்லை, அதற்குத் தனியாக ஒரு மடல் வேண்டும்.

நான் கேட்பது பலகை மட்டும்தான். மலையாளத்தை எடுக்கச் சொல்லவில்லை. அது இந்த மாநிலத்தின் மொழி, என் பிள்ளைகள் படிக்கிற மொழி. இருக்கிற இரண்டோடு தமிழிலும் எழுதுங்கள். இடமில்லை என்று சொல்ல முடியாது. கடைசிச் சுவரில் செல்ஃபி எடுக்க மட்டும் ஆறடிக்கு ஒரு யானை வரைந்து வைத்திருக்கிறீர்கள். பணமில்லை என்றால் பெயிண்ட் செலவை ஊரில் வசூல் செய்து தருகிறோம். எழுதித் தர ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருவர் கூலி வாங்காமல் வருகிறேன் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதென்றால், முதலில் வரையாடு, குறிஞ்சி, அந்த ‘உள்ளூர் மக்கள்’, இந்த மூன்றை மட்டுமாவது தமிழிலும் எழுதுங்கள். தயவுசெய்து.

குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். அப்போது அம்மாவுக்கு 78. மறுபடி கூட்டிக்கொண்டு வருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். ‘பேடாதீர்’ என்பதற்கு ஒரு கால் போடும் வேலையை அதுவரை இழுக்க வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

இந்த மடலுக்குப் பதில் போடுவதாக இருந்தால் தமிழில் போடுங்கள். அம்மா தானே படித்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

மரியாதையுடன்,
கோவிலூர் பூண்டு வியாபாரி ஒருவன்